தொட்டால் அடங்கும் இரைச்சல்

என் தம்பியின் பேஸ் கிட்டாரை வாங்கிவரத்தான் அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் அடித்தளத்தில் இருந்தது ஸ்டுடியோ. வெளியே கண் கூசும் மத்தியான வெயில். படிகளில் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து, கடைசியில் சுவரைத் தடவித்தான் கதவைக் கண்டுபிடித்தேன். உள்ளே ஈரக் கம்பள வாடை. சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு. என் செருப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருட்டறையும் கனத்த கதவும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அந்தக் கதவு எனக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது பிடிக்கவில்லை.

அறையின் நடுவில் ஒரு ஸ்டாண்டில் பேஸ் நின்றது. கறுப்பு நிறம், நான்கு தடித்த கம்பிகள், தலை கிடையாது. மற்ற கிட்டார்களில் கழுத்தின் நுனியில் ஒரு தலை இருக்கும், கம்பியை முறுக்கும் திருகுகள் அதில் வரிசையாக நிற்கும். இதில் கழுத்து மொட்டையாக வெட்டுப்பட்டதுபோல் முடிந்துவிடும். திருகுகள் எல்லாம் அடிப்பக்கம், உடம்பின் வாலில்.

தம்பி அதை முதன்முதலாக வீட்டுக்குத் தூக்கிவந்த அன்று அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னடா இது, செஞ்சு முடிக்கிறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டியா?"

"மாடலே இதுதாம்மா. தலை இல்லைன்னா கனம் இல்ல. பஸ்ல எவன் கண்ணையும் குத்தாது."

"முண்டத்துக்கு ஏத்த முண்டம்தான் வந்து சேர்ந்திருக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு முண்டம் என்றே பெயர். அதன் கம்பிக்கு இரண்டு நுனியிலும் குண்டு இருக்க வேண்டுமாம், சுலபத்தில் கிடைக்காதாம். அதனால் பழைய கம்பி மழுங்கிப்போனால் தம்பி அதைச் சுருட்டி அம்மாவின் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பான். அழுக்கு இறங்கிப் புதுக்கம்பிபோல் கணீர் என்று பேசும். வீடு முழுக்கத் துருவும் வியர்வையும் கலந்த வாடை அடிக்கும். "பெத்த பிள்ளை கம்பியை வேகவச்சுத் திங்கப்போறான்" என்று அம்மா கரண்டியோடு துரத்துவாள். அந்த வாடையை இன்னும் நூறு வருஷம் கழித்துக் காட்டினாலும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் காட்டியிருக்கிறான். பேஸை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால், யாரும் தொடாமலே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்தால் சட்டென்று அடங்கிவிடும்.

"பாத்தியாக்கா, ஆள் தொட்டாத்தான் அடங்கும். என்னை மாதிரியே."

கம்பியில் கை படும்போது உடம்பும் எர்த்தோடு சேர்ந்துகொள்ளும், அதனால் இரைச்சல் அடங்கிவிடும் என்று விளக்கினான். எனக்கு அவன் இடது கைதான் ஞாபகம் இருக்கிறது. சுண்டுவிரல் நடுவில் கோணிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடக் கேட்டில் ஏறிக் குதித்து ஒடித்துக்கொண்டது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் எடுத்த எக்ஸ்ரேக்களில் அதுவும் ஒன்று.

அந்தக் கை இந்த அறையில்தான் கடைசியாக வாசித்தது. பாட்டுப் பதிவின்போது பாடிக்கொண்டே விழுந்துவிட்டான். குடித்திருந்தான், இதயம் நின்றுவிட்டது என்றார் மாஸ்டர். குழுவின் தலைவர் அவர், தம்பி கடவுளாக நினைத்த மனிதர். அம்மா பிள்ளையின் சட்டையை முகர்ந்து பார்த்தாள். குப்பென்று சாராய வாடை. அன்றோடு அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவன் படத்தைத் துணிகளுக்கு அடியில் போட்டு அலமாரியைப் பூட்டினாள்.

நான் நம்பவில்லை. இருமல் மருந்து குடித்தாலே தள்ளாடுகிற பையன் அவன். அதோடு அவன் கீழுதட்டைப் பார்த்திருந்தேன். அதில் சின்னச் சின்னக் கட்டங்களாக, சல்லடையை வைத்து அழுத்தியது போல் ஒரு தீக்காயம். விழும்போது பல் பட்டிருக்கும் என்றார்கள். அடிபட்ட உடம்புகளைப் பார்த்தே பிழைக்கிறவளிடம் அந்தக் கதை.

அந்தக் காயம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் திரும்பப்போவதில்லை என்றுதான் படி இறங்கினேன்.

மாஸ்டர் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல்.

"வாம்மா. உன் தம்பி மாதிரி கை இனி பிறந்துதான் வரணும். என்ன பண்றது, பழக்கம் அப்படி."

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்பவர் உட்கார்ந்திருந்தார். குழுவில் அவரைக் காது என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை உள்ளே வரும்படி கை காட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அதை எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க வேணாம்."

"ஏன்?"

"பேசாம கேளுங்க."

ஸ்பீக்கரில் பேஸின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. ம்ம்ம் என்று, சீராக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறை காலி.

இரைச்சல் நின்றது.

நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். பேஸ் ஸ்டாண்டில் அப்படியே நின்றது. சுற்றிலும் ஆளில்லை.

மறுபடி இரைச்சல். மறுபடி அமைதி. யாரோ கையை வைத்து, எடுத்து, வைத்துப் பார்ப்பதுபோல்.

"அவன் போனதுல இருந்து தினமும் இப்படித்தான்" என்று காது கிசுகிசுத்தார். "ஒயரை மாத்திட்டேன், ஆம்ப்ளிஃபயரை மாத்திட்டேன். ஆள் தொடாம அது அடங்க வழியே இல்லக்கா."

எனக்குப் பயம் வரவில்லை.

"அவன் உதட்டுல காயம் எப்படி வந்துச்சு?"

அவர் ஒரு ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். நான் விடவில்லை. கடைசியில், வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குப் பதிவுல இரைச்சல் விழுந்துச்சு. மாஸ்டருக்குக் கோபம். ஆம்ப்ளிஃபயர் ப்ளக்ல இருந்து எர்த் பின்னைக் கழட்டிட்டாரு. இரைச்சல் போயிடும், எல்லா இடத்துலயும் பண்றதுதான். ஆனா அந்தப் பழைய பெட்டில உள்ளுக்குள்ள கரண்ட் கசிஞ்சுட்டு இருந்திருக்கு. எர்த் இல்லைன்னா அது எங்க போகும்? கம்பிக்கு வந்து நின்னுச்சு. கை கம்பில இருக்கு, எர்த்ல இருக்கிற மைக்குல உதடு பட்டுச்சு..."

மைக்கின் முகத்தில் இருக்கும் இரும்பு வலையைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்கள்.

"நீங்க ஏன் வாயைத் திறக்கல?"

"அப்புறம் தடயம் தெரியாம புது ப்ளக் மாட்டினதே நான்தான்க்கா. வெளிய சொன்னா என்னையும் சேர்த்து உள்ள தள்ளிடுவேன்னாரு மாஸ்டர்."

"இப்ப இங்க நடக்கறதைப் பதிவு பண்ணுங்க" என்றேன். "என்ன நடந்தாலும் நிறுத்தாதீங்க."

மாஸ்டர் திரும்பி வந்தபோது நான் அறை நடுவில் நின்றிருந்தேன்.

"மாஸ்டர், எனக்கு ஒரே ஒரு ஆசை. அவன் கடைசியா வாசிச்ச பாட்டை நீங்க ஒரு தடவை வாசிச்சுப் பாடணும். கேட்டுட்டு எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் கண் ஒரு நொடி ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கைத் தொட்டுத் திரும்பியது. புது ப்ளக், எல்லாப் பின்னும் ஒழுங்காக இருந்தது. நிம்மதியாகச் சிரித்தார்.

"இதுக்கென்னம்மா" என்று பேஸை எடுத்துத் தோளில் மாட்டினார்.

இரைச்சல் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்தார்.

அடங்கவில்லை.

இன்னும் அழுத்தி வைத்தார். இரைச்சல் கூடியது. அவர் புருவம் சுருங்கியது. கண்ணாடிக்குள் காதைப் பார்த்து "என்னய்யா இது" என்றார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. துருவும் வியர்வையும், கொதிக்கிற தண்ணீரும். அடுப்பே இல்லாத அந்த அடித்தளத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை வாடை.

பேஸின் வாலில் இருந்த திருகு ஒன்று அசைந்தது.

அதன் பக்கத்தில் எந்த விரலும் இல்லை. மெல்ல, பொறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தடித்த கம்பியின் ஒலி இறங்கிக்கொண்டே போனது. தரையில் இறங்கியது, என் பாதத்தில் ஏறியது, பல்லில் வந்து நின்றது.

மாஸ்டர் இடது கையை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

விரல்கள் பேஸின் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தன. அவர் இறுக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னால் சாய்ந்தார். ஆனால் அவருடைய தலை முன்னால் போனது. பிடரியில் ஒரு கை வைத்துத் தள்ளுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, மைக்கை நோக்கி.

"ப்ளக்கைப் பிடுங்கு... பிடுங்கும்மா..."

நான் போய்ப் ப்ளக்கைப் பிடித்துக்கொண்டேன். பிடுங்கவில்லை.

"என் தம்பி குடிச்சிருந்தானா?"

"ஐயோ... கை எரியுது..."

"குடிச்சிருந்தானான்னு கேட்டேன்."

"இல்ல! அவன் குடிக்கல! பின்னைக் கழட்டினது நான். வேணாம் மாஸ்டர், ஆளை அடிச்சுடும்னு சொன்னான், நான் கேக்கல... விழுந்ததுக்கு அப்புறம் நான்தான் சாராயத்தை அவன் சட்டையில ஊத்தினேன்... விடச்சொல்லும்மா, உன் கால்ல விழறேன்!"

செத்துக்கிடந்த பிள்ளையின் சட்டையில் ஊற்றியிருக்கிறார். அதைத்தான் அம்மா முகர்ந்து பார்த்தாள்.

ப்ளக்கைப் பிடுங்கினேன்.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. இரைச்சல் அணையவில்லை.

ம்ம்ம் என்று அறை முழுக்க நின்றது. ஒயர் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் உதடு மைக்கில் ஒட்டியது. சுர்ர் என்று ஒரு சின்னச் சத்தம். தீய்ந்த தோலின் நெடி. அவர் கத்தியது மைக்குக்குள்ளேயே போயிற்று.

போதும்டா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்பான், என் பேச்சைத் தட்டமாட்டான். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இரவுகளையெல்லாம் நினைத்துக்கொண்டு, ஆசை தீரப் பார்த்தேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அப்புறம்தான் அருகில் போய்க் கம்பிமேல் என் உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்றிருந்தது.

இரைச்சல் அடங்கியது. மாஸ்டர் சரிந்து விழுந்தார்.

அந்தப் பதிவைக் காது அப்போதே என்னிடம் கொடுத்தனுப்பினார். அம்மா சமையலறையில் நின்றபடியே கேட்டாள். "அவன் குடிக்கல" என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு அலமாரியைத் திறந்து படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, முண்டத்துக்கு மேலே சுவரில் மாட்டினாள். "என் கண்ணு, உன்னைத் திட்டிட்டேனேடா" என்று வாய்விட்டு அழுதாள். பதிவின் ஒரு பிரதியைப் போலீஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இதோடு முடிந்தது, பிள்ளை நிம்மதியாகப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு போலீஸ்காரர் மாஸ்டரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். இடது கை திறக்கவே மாட்டேன் என்கிறதாம். எதையோ பற்றிப் பிடித்ததுபோல் விரல்கள் மடங்கியே கிடக்கின்றனவாம். நரம்பில் கோளாறு இல்லை, எதற்கும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் அனுப்பியிருந்தார்.

மாஸ்டர் மேஜைமேல் கையை வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார். கீழுதட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள் தழும்பாக ஆறியிருந்தன. ஏதோ சொல்ல வந்தார். சொல் குழறியது. குனிந்து கேட்டேன்.

"பிடிச்சிருக்கான்... விடமாட்டேங்கிறான்..."

"கையை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனேன்.

எங்கள் மெஷின் எப்போதும் மெதுவாக இரைந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தப்போனேன். அதற்குமுன் இரைச்சல் சட்டென்று அடங்கியது. நான் இன்னும் எதையும் தொட்டிருக்கவில்லை.

அழுத்தினேன். திரையில் படம் வந்தது.

மாஸ்டரின் கை எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின்மேல் இன்னொரு கை படிந்து, விரலோடு விரல் கோத்து அழுத்தியிருந்தது. அதன் சுண்டுவிரல் நடுவில் கோணியிருந்தது.

படம் சரியாக வரவில்லை என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் எடுத்தேன். இரண்டாவது படத்தில் அந்த விரல்கள் இன்னும் இறுகியிருந்தன.