செம்பியன் கம்பி பிடித்தான்

செவ்வாய்க் கிரகத்தின் செந்திடல் குடியிருப்பில் காலை நேர நெரிசல் கூரையில்தான். தரை முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள். அதனால் வேலைக்குப் போகிறவர்களும் காய்கறி வாங்கப் போகிறவர்களும் மேலே ஓடும் பிடிகம்பியைப் பற்றி, கை மாற்றிக் கை மாற்றித் தாவிப் போனார்கள். பூமியில் உள்ள எடையில் பாதிகூட அங்கே கிடையாது. உடம்பைத் தாங்க ஒரு கை போதும். பத்து மாதக் குழந்தைகள்கூடக் கம்பியில் தொங்கியபடி கொட்டாவி விட்டன.

கார்மேகம், மதிவதனி தம்பதியின் மகன் செம்பியன் மட்டும் தொங்கவில்லை. குழாய் மேல் உட்கார்ந்து கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

பத்தாம் மாதம் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துக் 'கம்பி பிடிப்பு விழா' நடக்கும். சொந்தபந்தம் பார்க்க ஒரு நிமிடம் தொங்கினால் கூரைப் பள்ளியில் இடம். விழுந்தால் தரைப் பிரிவு. தரைப் பிரிவில் படித்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று மதிவதனியின் அத்தை இப்போதே கவலைப்பட ஆரம்பித்திருந்தார்.

"எங்க நகுலன் ஏழாம் மாசமே தொங்கிட்டான்," என்றாள் பக்கத்து அறை அல்லி. "உம்புள்ள உக்காந்தே இருக்கானே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

காட்டினார்கள். டாக்டர் ரெஜினா செம்பியனின் கையை அளந்தார், தலையை அளந்தார், தொப்பையைத் தட்டினார். பலாப்பழம் போல நல்ல சத்தம் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. பொறக்கும்போது உடம்பு சின்னது, பிடி பெருசு. குரங்குக் குட்டி அம்மாவ விடாம பிடிச்சுக்கிறது அப்படித்தான். அப்புறம் எடை ஏறும், கை பின்தங்கும். கை நீண்டு தோள் உரம் ஏறினதும் தானா தாவும். உடம்பு எந்த வரிசையில வளருதோ, அசைவும் அந்த வரிசையிலதான் வரும். இவனுக்குத் தொப்பை முந்திக்கிச்சு."

"அப்படியே அவங்க அப்பா," என்றாள் மதிவதனி.

கார்மேகம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். "விழாவுக்குள்ள கை வளந்துடுமா டாக்டர்?"

"விழாத் தேதி அந்தக் கைக்குத் தெரியாதேப்பா. அவசரப்படாதீங்க."

அவசரப்படுவதில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள், நேரே வீட்டுக்குப் போய் ஊசியை எடுத்தார்கள். சரக்குப் பெட்டிகள் ஒட்டிக்கொண்டு ஓடுவதற்காகப் பிடிகம்பிகளில் மின்காந்தம் உண்டு. செம்பியனின் கையுறைக்குள் இரும்புத் தகடு வைத்துத் தைத்து, மணிக்கட்டில் நாடா கட்டினார்கள்.

"ஊரையே ஏமாத்தறோமேங்க," என்றாள் மதிவதனி.

"ஒரு நிமிஷம்தானே ஏமாத்தறோம்," என்றான் கார்மேகம்.

விழாவன்று குழந்தைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாக் கைகளிலும் அழகழகான கையுறைகள். செம்பியன் தொங்கிய நிலையிலேயே தூங்கிவிட்டான். கீழே நின்ற மதிவதனிக்குத்தான் மூச்சு வரவில்லை.

விழாக் குழுவோ, விழா என்றால் விழா மாதிரி இருக்க வேண்டும் என்று சரவிளக்கு, ஒலிபெருக்கி, குளிர்பான எந்திரம் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் மாட்டியிருந்தது. தலைவர் மைக்கைத் தட்டி, "பேரன்பு மிக்க..." என்றார். ஃபியூஸ் போனது.

மின்சாரம் போனது, காந்தமும் போனது. கூரையிலிருந்து குழந்தைகள் அத்தனையும் உதிர்ந்தன. நல்ல வேளை, செவ்வாயில் விழுவது நிதானமான காரியம். பெற்றோர்கள் கை நீட்டி ஏந்திக்கொள்ள நேரம் இருந்தது. ஏந்தியவர்களின் கைகளில் இரும்பு இடித்தது.

விளக்கு வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நகுலனுமா?" என்றாள் மதிவதனி மெதுவாக.

"ஏன், நீ மட்டும் யோக்கியமா?" என்றாள் அல்லி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் தன் பேத்தியின் கையுறையை முதுகுக்குப் பின்னால் மறைப்பதைப் பார்த்ததும் கூடமே சிரித்தது. மதிவதனி சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கே விழாவையும் தரைப் பிரிவையும் ஒழித்துவிட்டார்கள். இனி அவரவர் உடம்பு வளர்கிறபடி வளரட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். குடியிருப்பே நிம்மதியாகத் தூங்கியது.

சில மாதங்களில் செம்பியனின் கை நீண்டது. ஒருநாள் சாப்பாட்டுக்குப் பயந்து கம்பிக்குத் தாவியவன், கூப்பிட்டும் இறங்கவில்லை.

"எங்க பையன் இரும்பே இல்லாம, தானாவே!" என்று மதிவதனி ஒவ்வோர் அறையாகப் போய்ச் சொன்னாள். அல்லியின் முகம் சுருங்கியது. நகுலன் தானாக எப்போது தொங்குவான்? தலைவரின் பேத்தி?

அடுத்த மாதம் டாக்டர் ரெஜினா ஓர் அறை வாசலில் புதிய பலகையைப் பார்த்து நின்றார்: 'இயல்பாகத் தொங்கச் சிறப்புப் பயிற்சி.' உள்ளே அல்லி உட்பட ஏகப்பட்ட அம்மாக்கள். நடுவே ஆசிரியர் கார்மேகம்.

"நான் உங்ககிட்ட என்னப்பா சொன்னேன்?"

"அதையேதான் டாக்டர் இங்க சொல்லித் தர்றோம். அவசரப்படவே கூடாது," என்றான் கார்மேகம் பெருமையாக. "அதனாலதான் மூணாம் மாசத்துலேயே சேத்துக்கிறோம்."