ஏழாவது குவியல்

முதல் கற்குவியலை உதைத்துத் தள்ளியதும் குன்வோரின் காலணிக்குள் ஈரம் இறங்கியது. பத்து நாளாக மழை இல்லை. பாறைப்பாசிகூட மிதித்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

பள்ளத்தாக்கையும் அருவியையும் பார்க்க வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. கல்மேல் கல் அடுக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. பனிமூட்டம் இறங்கும் நாளில் அதையே வழி என்று நம்பி வேறு யாராவது நடப்பார்கள். உண்மையான வழி, பாறைகளில் பூசியிருக்கும் சிவப்பு டி எழுத்து. அதைப் பூசுவதும் பொய்க் குவியல்களைக் கலைப்பதும்தான் இந்தத் தேசியப் பூங்காவில் குன்வோரின் வேலை. இருபத்திரண்டு கோடையாக உதைக்கிறாள். இடது முழங்கால் எப்போதோ போதும் என்று சொல்லிவிட்டது. இன்று பருவத்தின் கடைசி நாள்.

குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். உருண்டை. வழவழப்பு. இந்த உயரத்தில் எல்லாக் கல்லும் பட்டையாக, விளிம்பு கூராக இருக்கும். இது ஆற்றுக்கல். ஆறு இருநூறு மீட்டர் கீழே, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கிருந்து மேலே வரப் பாதை கிடையாது.

யாரோ வேலையற்றவன் வேறெங்கிருந்தோ பையில் சுமந்து வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கே அது நம்பும்படி இல்லை.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஐவின்ட். பதினைந்து வருடமாகக் கூட வேலை பார்ப்பவன்.

“இன்னும் எத்தனை இருக்கு?”

“ஆறு இருக்கும்.”

“விட்டுட்டு வாயேன். மேற்கேருந்து மூட்டம் ஏறுது. கல்லு எங்கயும் ஓடிடாது. படிவத்துல நான் டிக் போட்டுடறேன்.”

“போடாதே!”

“சரி தாயே. காபி ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது.”

போன செப்டம்பரில் அந்த டிக்கை அவள்தான் போட்டாள். அன்றும் கால் வலி, அலுப்பு. இதே இடத்தில் ஏழு குவியல்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு இறங்கி, ‘அனைத்தும் கலைக்கப்பட்டன’ என்ற வரிக்கு எதிரே டிக் போட்டாள். அந்தச் சாயங்காலம் மூட்டம் வந்தது. ஆஸ்கெர் என்ற டென்மார்க் பையன் திரும்பி வரவில்லை. ஏழாவது குவியல் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து ஒரே எட்டில் இருந்தது. தேடுகிறவர்கள் வருவதற்கு முன், விடியற்காலையில் ஓடிப் போய் ஏழையும் கலைத்தாள். “வழி அடையாளமெல்லாம் ஒழுங்காத்தானே இருந்துச்சு?” என்று அவனுடைய அம்மா கேட்டபோது, “எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு” என்று முகத்தைப் பார்த்தே சொன்னாள். உடல் கிடைக்கவேயில்லை.

இரண்டாவது குவியலைக் கலைத்தாள். மூன்றாவது. நான்காவதில் கல்லிடுக்கில் பச்சையாக நீர்க்கொடி சுற்றியிருந்தது. ஐந்தாவது தொட்டதும் விரல் மரத்தது. ஆறாவதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, இப்போதுதான் வைத்ததுபோல.

ஏழாவது இல்லை. விளிம்புக்கு முன்னால் வெறும் பாறை. சந்தோஷப்பட வேண்டியவள், ஏனோ திரும்பித் திரும்பி அந்த இடத்தையே பார்த்தாள்.

அதற்குள் மூட்டம் வந்து மூடிவிட்டது. முதலில் எதிர்மலை போயிற்று, பிறகு அருவி, பிறகு அவளுடைய சொந்தக் கால்கள். அருவியின் இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்டதால் எது பள்ளத்தாக்கு, எது வீட்டுப் பக்கம் என்று தெரியவில்லை. நனைந்த கம்பளியும் ஆற்று மண்ணும் கலந்த ஒரு வாடை மட்டும் அவள் கழுத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

டொக்.

கல்மேல் கல் வைக்கும் சத்தம்.

“ஹேய்!” என்றாள். இந்த மலையில் எதிர்ப்படுகிற யாரும் பதிலுக்கு ஹேய் சொல்லாமல் போகமாட்டார்கள்.

டொக்.

கைகளை நீட்டித் தடவிக்கொண்டே நடந்தாள். இடுப்புயரப் பாறை ஒன்று தட்டுப்பட்டது. முகத்தை ஒட்டிப் பார்த்தாள். சிவப்பு டி. அவளுடைய டி! மூட்டத்தில் மாட்டினால் டி எழுத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள், நகராதீர்கள் என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அப்பாடா. கால்கள் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்பதுபோல் நீண்டன.

விரல்களைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தன.

அவள் ஜூனில் பூசிய வர்ணம் என்றைக்கோ காய்ந்துவிட்டது.

கால்களில் சில்லென்று காற்று பட்டது. கீழேயிருந்து. கீழேயிருந்து காற்று ஏறும் இடம் இங்கே ஒன்றுதான், விளிம்பு.

எழ வேண்டும். முழங்கால் மடங்கவில்லை.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். ரொம்ப தூரம் ஏறி வந்தவர்கள் விடும் பெருமூச்சு. மடியில் ஒரு கல் விழுந்தது. உருண்டை. ஈரம்.

“களைச்சுப் போயிருந்தேன்பா,” என்றாள் குன்வோர். அழுகை வந்தது. “நான்தான் விட்டுட்டு வந்தேன். ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன்.”

டொக். அதன்மேல் இன்னொன்று. அவசரமே இல்லை. வயிற்றில். மார்பில். தோளில். ஒவ்வொன்றும் ஆற்றடியின் குளிர்.

கற்களுக்கு அடியில் வாக்கி டாக்கி கரகரத்தது. “குன்வோர்? முடிஞ்சுதா? டிக் போட்டுடவா?”

அப்போது மூட்டத்துக்குள் பேச்சுச் சத்தம். ஒரு ஆண், ஒரு சின்னப் பெண்.

“வழி தெரியலையே அப்பா.”

“அங்க பாரு, கல்லு அடுக்கி வச்சிருக்காங்க. அப்ப வழி அதுதான். போ, நான் பின்னால வர்றேன்.”

“உயரமா இருக்கு! நான்தான் முதல்ல தொடுவேன்!”

குன்வோர் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஈரக் கை ஒன்று உருண்டைக் கல்லை வைத்து, அசையாதபடி மெல்ல அழுத்தியது.

சின்னக் காலணிகள் ஓடி வந்துகொண்டிருந்தன.