மைலோவுக்குச் சோறு வைப்பவள்

மைலோ சோற்றைத் தொடவில்லை. இராஜம்மா நெத்திலிக் குழம்பை ஊற்றி, முள்ளையெல்லாம் நசுக்கிப் பிசைந்து, வழக்கம்போல் பின்வாசல் சிமெண்டுத் தரையில் தட்டை வைத்திருந்தாள். அது வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு கல்யாண வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்த சம்பந்தி மாதிரி ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. வயிறு புடைத்திருந்தது.

"எங்கடா மேஞ்சிட்டு வந்த, திருட்டுப் பயலே?"

வால் மட்டும் ஆடியது. அவள் குனிந்து அதன் வாயைத் திறந்து பார்த்தாள். பல்லில் சோறு ஒட்டியிருந்தது. நெத்திலி வாசம் அடித்தது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. தோட்டம் கைமாறியதும் ஒவ்வொரு குடும்பமாகக் கோலா சிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் அடுக்குமாடி வீடு பார்த்துப் போய்விட்டது. அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. போனவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். இராஜம்மாவுக்கு அது முடியவில்லை, அவ்வளவுதான். மகன் கோகிலன் வாரத்துக்கு ஒருமுறை ரவாங்கிலிருந்து போன் போட்டு அதே பாட்டைப் பாடுவான்.

"ஒரு நாய்க்காகத் தனியா கிடக்குறீங்களேம்மா. விட்டுட்டு வாங்க லா."

"உன் பொண்டாட்டிய விட்டுட்டு வாடான்னா வந்துடுவியா?" என்பாள். அதோடு அவன் போனை வைத்துவிடுவான். வைத்த பிறகு வீட்டில் சத்தமே இருக்காது. மைலோ கால்மாட்டில் வந்து படுத்து ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

மறுநாள் காலை எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்ற வந்த லோரியை நிறுத்தினாள். ஓட்டுநர் வாசு பழகிய பையன்.

"லயத்துக் கடைசியில, அந்தக் கோடி வீட்டுல யாரும் புதுசா வந்திருக்காங்களாப்பா? என் நாய்க்கு எவளோ சோறு போடுறா."

"யாரு வருவாக்கா? கரண்டு இல்ல, கூரைத் தகரத்தையும் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. பன்னிதான் படுக்கும்." சிரித்தான். "சோறு போட்டா நல்லதுதானே, உங்களுக்கு அரிசி மிச்சம்." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "எலி மருந்து வச்சிருக்காங்கக்கா. எதுக்கும் கட்டிப் போடுங்க."

எலி மருந்து என்றதும் போய் மைலோவைக் கயிற்றில் கட்டினாள். ஆனால் மருந்தைவிட மற்றதுதான் அவளை அதிகம் அரித்தது. என் பிள்ளைக்குச் சோறு போட இவள் யார்? நாள் முழுக்கப் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தாள். கோழிக் கழுத்து வாங்கி வந்து, மஞ்சளும் உப்பும் போட்டு, மைலோவுக்குப் பிடித்த மாதிரி எலும்பு குழைய வேகவிட்டாள். இதை விட்டுவிட்டு எங்கே போவான், பார்க்கலாம்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், மைலோ செம்பனை வரிசைக்குள்ளிருந்து நிதானமாக வந்துகொண்டிருந்தது. காலையில் கட்டிய கயிறு அறுந்து தொங்கியது. முகவாயில் வெந்த கோழித் துணுக்கு ஒட்டியிருந்தது. துடைத்தாள். மஞ்சள். விரலுக்குச் சூடாக இருந்தது.

ஓடிப் போய்ச் சட்டியைத் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

இதைக் கோகிலனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே காரோடு வந்து நிற்பான். அவளை ஏற்றுவான், மைலோவை ஏற்றமாட்டான். வாயை மூடிக்கொண்டு, அன்று சாயங்காலமே நாயை அடுப்படிக்குள் விட்டுக் கதவைத் தாழிட்டாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை வரப் போவதுபோல் காற்று நின்றுபோய், மில்லிலிருந்து வரும் புளித்த எண்ணெய் வாடை வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது; செம்பனை மட்டைகளுக்குள் தவளையும் பூச்சியும் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கத்த, கொசுவர்த்திப் புகை நகராமல் அவள் முழங்கால் உயரத்தில் நின்றது. மைலோ கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு தவளைகள் நின்றன. பூச்சிகளும் நின்றன.

தட்டில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. கோடி வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

"மைலோ... வா ராசா..."

ஒரு பொம்பளைக் குரல். அவசரமே இல்லாத குரல். இருட்டும் வேளையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது, மூன்று தடவை கூப்பிடட்டும் என்று லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மைலோ எழுந்து நின்றது. உடம்பே ஆடும்படி வால் ஆடியது.

"உட்காருடா. சொன்னா கேளு, உட்காரு."

"வா ராசா... ஆறிப் போகுது பாரு..."

எங்கோ கேட்ட குரல். யாருடையது? போனவர்களில் ஒருத்தியா? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. மகனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டு, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று திரும்பப் போட்டுக் கேட்பாளே, அப்போது போனுக்குள்ளிருந்து வரும் குரல் அது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. கடைசியில் இழுக்கிற மாதிரி. கேட்கும்போதெல்லாம், சே, என் குரலா இது என்று கூச்சப்படுவாள்.

அந்தக் குரல்தான்.

அதற்குள் மைலோ கதவின் அடிப்பலகையைப் பிறாண்டத் தொடங்கிவிட்டது. மக்கிய பலகை. அவள் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். அது திமிறியது. பலகை விண்டது. பட்டை கையோடு வந்துவிட்டது.

"மைலோ!"

ஓடிவிட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கலாம். இருந்தால், அப்புறம்? அந்தப் பெருமூச்சு இல்லாமல் எத்தனை ராத்திரி? டார்ச் லைட்டை எடுத்தாள். முருகா, முருகா என்று முணுமுணுத்தபடி இறங்கினாள்.

லயத்தின் ஓரமாகவே நடந்தாள். காலி வீடுகள். கதவில்லாத வாசல்கள். ஒவ்வொன்றிலும் பழைய புகை வாடை. ஒரு வாசலில் சின்னப் பிள்ளைச் செருப்பு. அவள் காலடிச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

கோடி வீட்டில் வெளிச்சம் இருந்தது.

கரண்டு இல்லாத வீடு. கூரை இல்லாத வீடு. வாசலில் மஞ்சள் வெளிச்சம். வெந்த கோழிக் கழுத்து வாசம்.

வாசற்படிக்குக் கீழே மைலோ தின்றுகொண்டிருந்தது. நிலைக்குப் பின்னால் யாரோ குந்தியிருந்தார்கள். கை மட்டும் தெரிந்தது. எலும்பை நசுக்கி நசுக்கித் தட்டில் வைத்தது.

"மைலோ." டார்ச்சை அணைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "வாடா. வீட்டுக்குப் போலாம்."

மைலோ தலையைத் தூக்கியது. பார்த்தது. முதுகு மயிர் சிலிர்த்து நின்றது.

குரைத்தது.

ஊர் பேர் தெரியாதவன் வாசலில் வந்து நின்றால் குரைக்குமே, அந்தக் குரைப்பு. குட்டியிலிருந்து அவளைப் பார்த்து ஒரு தடவைகூட அப்படிக் குரைத்ததில்லை.

"நான்தான்டா. அம்மாடா."

பல்லைக் காட்டியது. ஓரடி முன்னால் வந்தது.

அந்தக் கை நீண்டு அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தது.

"யாருமில்லடா," என்றது அந்த மூக்கடைத்த குரல். "அங்க யாருமில்ல. நீ சாப்பிடு ராசா."

மைலோ இன்னொரு தடவை இருட்டைப் பார்த்தது. அவள் நின்ற இடத்தைத்தான் பார்த்தது. பிறகு குனிந்து, வாலை ஆட்டிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தது.