செவலையின் சிவப்புக் கொம்பு

பொட்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகைச் சுவரில் தலையை அழுத்தியபடி நின்றது. தவிட்டுக் கஞ்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணெதிரே கையை ஆட்டினால் இமைக்கவில்லை.

ஒரு கன்றுக்குட்டி நோயில் விழ எத்தனையோ காரணம் இருக்கலாம். கீழத்தெருவுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது.

"யாரோ என்னவோ வச்சுட்டாங்க," என்றாள் காளியம்மாள்.

காளியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. அந்தத் தெருவில் ரேடியோ இல்லாத குறையைத் தீர்த்து வைப்பவள். 'யாரோ' என்பது யார் என்று அவள் வாயால் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மேலத்தெருவைப் பார்த்துத் தாடையை ஒரு நீட்டு நீட்டினாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அது அறுவடைக் காலம். கூலியை உயர்த்தித் தரவேண்டும் என்று கீழத்தெருச் சங்கம் கேட்டிருந்தது. மேலத்தெரு மிராசுதார் பஞ்சாபகேசன், அப்படியென்றால் வெளியூர் ஆட்களை இறக்கிக் கதிரை அறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து குத்தாலத்துப் பக்கமிருந்த அந்தச் சின்ன ஊரில், இந்தத் தெருக்காரர் தும்மினால் அந்தத் தெருக்காரர் எதற்காகத் தும்மினார் என்று யோசித்தார்கள். மேலத்தெருவில் வைக்கோல்போருக்குக் காவல் போட்டார்கள். கீழத்தெருவில் வாய்க்கால் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடத்தில் எடுத்தார்கள்.

இதற்கு நடுவில்தான் பொட்டு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

பொட்டு அம்சத்தின் கன்றுக்குட்டி. வீட்டுக் கன்றுதான், ஆனால் அது பிறந்ததும் முகம் துடைத்தவள் அம்சம். நெற்றியில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துப் பெயர் வைத்தவளும் அவள்தான். அம்சம் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் பொட்டு, பொட்டை விட்டால் பள்ளிக்கூடம்.

காளியம்மாள் இடுப்பில் கை வைத்து, யோசிப்பவள் போலக் கண்ணை மூடினாள். அவள் கண்ணை மூடினால் யாருக்கோ கேடு என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

மாட்டுப் பொங்கலன்று மதகடியில் மிராசுதார் மகள் ஆனந்தம் பொட்டுக்கு ஓர் இலையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாளாம். காளியம்மாள் கண்ணால் பார்த்தாளாம். அந்தப் பொங்கலில் ஒரு முந்திரிகூட இல்லையாம்.

"மிராசுதார் வீட்டுப் பொங்கல்ல முந்திரி இல்லாம இருக்குமா? நம்ம கன்னுக்குன்னே தனியா கிண்டியிருக்காங்க," என்றாள்.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று யாரோ இழுத்தார்கள். "அதுதான் மெல்லக் கொல்ற மருந்து," என்றாள் காளியம்மாள். அதற்குமேல் யார் என்ன கேட்பது?

செய்தி சங்கத் தலைவர் இராஜாங்கத்தின் காதுக்குப் போனது. சாயங்காலம் கொடிக்கம்பத்தடியில் எல்லோரும் கூடுவது, ஆனந்தம் கன்றுக்குத் தின்னக் கொடுத்ததை அம்சம் எல்லோர் முன்னாலும் சொல்வது, சொன்னதும் தெருவே திரண்டு மிராசுதார் வாசலுக்குப் போய் நியாயம் கேட்பது என்று முடிவாயிற்று. நியாயம் கேட்கப் போகிறவர்கள் எதற்குக் கம்பு சீவுகிறார்கள் என்று அம்சத்துக்கு விளங்கவில்லை.

அவள் வயிற்றில் வேறொரு சங்கதி கிடந்தது. அந்தப் பொங்கலில் பாதியைத் தின்றவள் அவள்தான். கன்றுக்குக் கொடுத்த பொங்கலைப் பிடுங்கித் தின்றாள் என்று தெரிந்தால் மானம் போய்விடுமே என்று மூச்சு விடவில்லை.

'மெல்லக் கொல்ற மருந்து' என்று கேட்டதிலிருந்து அவளுக்கு அடிவயிற்றை என்னவோ செய்தது. சுவரில் தலையை வைத்துப் பார்த்தாள். முட்டத் தோன்றவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தாள். வலித்ததால் விட்டுவிட்டாள்.

ஆனாலும் சந்தேகம் ஒருதரம் உள்ளே வந்துவிட்டால் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். ஆனந்தம் அன்றைக்கு ஏன் அவசரமாக இலையை வைத்தாள்? ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்? முந்திரி எங்கே போனது?

நேராகக் கேட்டுவிடுவது என்று மதகடிக்குப் போனாள். ஆனந்தம் மறுகரையில் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவள் வீட்டில் உத்தரவு.

"பொங்கல்ல என்ன போட்டே?" என்று கேட்டாள் அம்சம்.

"என்னத்தடி போடுவா? வெல்லம் போட்டா, நெய் போட்டா. உன் கன்னுக்கு ஆசையா எடுத்துண்டு வந்தேன்." ஆனந்தத்தின் கண் கலங்கியது. "நீ கூட என்னைச் சந்தேகப்படறியா?"

"முந்திரி ஏன் இல்லை?"

ஆனந்தம் தலையைக் குனிந்துகொண்டாள். "வர வழியில நான் பொறுக்கித் தின்னுட்டேன். ஆத்துல சொல்லிடாதே."

ஒருத்தி முந்திரியைத் தின்றிருக்கிறாள், ஒருத்தி பொங்கலைத் தின்றிருக்கிறாள். இரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார்கள். அப்படியானால் பொங்கலில் ஒன்றுமில்லை.

பிறகு பொட்டுக்கு என்னதான் ஆயிற்று?

அம்சம் கொட்டகைக்குத் திரும்பி வந்து, போலீஸ்காரர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தாள். வாய்க்கால் தண்ணீரா? காளியம்மாளின் வாத்துகள் நாள் முழுக்க அதில்தான் கிடக்கின்றன. எஜமானியம்மாவைவிட உரக்கக் கத்துகின்றன. வைக்கோலா? அதே வைக்கோலைத்தான் தாய்ப்பசு செவலையும் தின்கிறது. அது அசைபோட்டபடி சுகமாகப் படுத்திருந்தது. செவலையின் வாய்க்குப் போகாதது எது பொட்டின் வாய்க்குப் போயிற்று?

பொட்டு தள்ளாடித் தள்ளாடித் தாயிடம் வந்தது. பால் குடிக்கவில்லை. படுத்திருந்த செவலையின் கொம்பை நக்க ஆரம்பித்தது.

அம்சம் எழுந்து நின்றாள்.

மாட்டுப் பொங்கலுக்கு அப்பா மருதையன் செவலையின் கொம்புக்குச் சிவப்பு அடித்திருந்தார். ஊரில் அப்போது மாட்டுக் கொம்பைப் பார்த்தே வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். சிலர் கறுப்பும் சிவப்பும் அடிப்பார்கள். மருதையன் முழுச் சிவப்பு. மற்றவர்கள் அடித்தது காணும் பொங்கலன்றே கலைந்துவிட்டது. மருதையன் அடித்தது மட்டும் வெயிலுக்கும் பனிக்கும் அசையவில்லை. பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் மாமா முருகையன் மிச்சத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாராம். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா அதில் கொஞ்சம் ஊற்றியும் கொடுத்தார்.

செவலையின் வலது கொம்பு பளபளவென்று சிவந்திருந்தது. பொட்டு நக்கிய இடது கொம்பில் பாதிக்குமேல் சிவப்பையே காணோம்.

அம்சம் திரும்பிப் பார்த்தாள். பொட்டு கஞ்சி குடிக்கும் டப்பா மூலையில் இருந்தது. நல்ல டப்பாவை யார் தூக்கிப் போடுவார்கள் என்று அம்மா பொன்னுத்தாய் கழுவிக் கன்றுக்கு வைத்தது. அது மாமா கொடுத்த அந்தப் பெயிண்ட் டப்பாதான். அடியில் ஒட்டியிருந்த சிவப்பைப் பொட்டு வழித்து நக்கியிருந்தது.

அந்த டப்பாவுக்கு ஒரு மூடி இருந்தது. அது எங்கே?

வாசலில் தம்பி லெனின் உட்கார்ந்து அதைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு வயது. பெயர் பெரியது, கடைவாய்ப் பல் இப்போதுதான் முளைக்கிறது. உதடெல்லாம் சிவப்பு. அம்மாவிடம் வெற்றிலை வாங்கித் தின்கிறான் என்று தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. நாலைந்து நாளாக வயிறு வலிக்கிறது என்று அவன் அழுததை, திருஷ்டி என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருந்தார்கள்.

அம்சம் மூடியைப் பிடுங்கினாள். அவன் வீறிட்டான். வாயையும் கையையும் கழுவித் துடைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, பொட்டு நக்குனதைத்தான் தம்பியும் நக்குறான். ரெண்டு பேருக்கும் வயிறு சரியில்லை. வா, குத்தாலத்து ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பொன்னுத்தாய் மகளைப் பார்த்தாள், மகனின் உதட்டைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். டப்பாவையும் மூடியையும் துணியில் சுற்றி அம்சம் எடுத்துக்கொண்டாள்.

குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே மாட்டாஸ்பத்திரிதான் இருந்தது. மாட்டு டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டு பல்லைக் கடிக்கிறதா, சுவரில் முட்டுகிறதா, கண் மங்கலா என்று வரிசையாகக் கேட்டார்.

"இது இரும்பு துருப்பிடிக்காம இருக்கப் பாலத்துக்கு அடிக்கிற பெயிண்டு பாப்பா. இதுல ஈயம் இருக்கு. நாக்குக்கு லேசா இனிக்கும், உடம்புக்கு விஷம். கன்னுக்குட்டி, சின்னப் புள்ளை, யார் தின்னாலும் ஒண்ணுதான்."

லெனினை அப்போதே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகச் சொன்னார். அங்கே மருந்து கொடுத்தார்கள். அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார்கள். மாட்டு டாக்டர் சைக்கிளில் பேதி உப்பும் ஊசியுமாகத் தெருவுக்கே வந்து பொட்டைப் பார்த்தார். பிழைத்துவிடும், ஆனால் கண் தெளியக் கொஞ்ச நாளாகும் என்றார்.

அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கொடிக்கம்பத்தடியில் தெரு கூடியிருந்தது. கம்புகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. முன்வரிசையில், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவளைப் போலக் காளியம்மாள்.

"பாத்ததைச் சொல்லும்மா, பயப்படாதே. மிராசுதார் மக என்ன குடுத்துச்சு?" என்றார் இராஜாங்கம்.

அம்சம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு எதிரேதான் நின்றிருந்தார்.

"ஆனந்தம் பொங்கல் குடுத்துச்சு," என்றாள். கூட்டம் உறுமியது. "அதுல பாதியை நான் தின்னேன்."

உறுமல் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆவலை. பொட்டுக்கு விஷம் வந்தது எங்க வீட்டுலேருந்துதான்." டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி மூடியைச் சப்பியதையும் சொன்னாள்.

மருதையன் மகளிடமிருந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"அடுத்த பொங்கல் வரைக்கும் போவாதுன்னு மச்சான் சொன்னான்," என்றார். "நான்தான் கொம்புக்கு அடிச்சேன். என் புள்ளை வாயிலயே அடிச்சுட்டேனே."

அவ்வளவுதான். இராஜாங்கம் மெல்லத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் மாட்டுக்கும் அந்தச் சிவப்புதான். பின்னாலேயே ஒவ்வொருவராகக் கழன்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காளியம்மாள் நடக்கவில்லை, ஓடினாள். அவள் வீட்டு ஆட்டுக்கடாவின் கொம்பிலும் இரண்டு பூச்சுப் பூசியிருந்தாள்.

கம்புகள் சுவரோரமே நின்றன.

மறுநாள் சின்னப் பிள்ளைகளைத் தூர விரட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊர்க் கொம்புகளையெல்லாம் துடைத்தார்கள். துணியையும் டப்பாவையும் மேட்டில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கூலிச் சண்டை அதுபாட்டுக்கு நடந்தது. அதற்குக் காரணம் இருந்தது. வெறுங்கொம்போடு மாடுகள் மேய்ச்சலுக்குப் போனபோது, இது எந்தக் கட்சி என்று தெரியாமல் காளியம்மாள்தான் தவித்துப்போனாள்.

பொட்டு கஞ்சியை முகராமல் குடித்தது. கையை ஆட்டினால் இமைத்தது. துள்ளிக் குதித்து அம்சத்தின் பாவாடையை இழுத்த அன்று, அதைக் கூட்டிக்கொண்டு அவள் மதகடிக்குப் போனாள்.

ஆனந்தம் ஓர் இலையோடு வந்து மதகின் நடுவில் நின்றாள். அம்சத்தை முறைத்தாள். இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள்.

"பாத்துக்கோ," என்றாள், வாயைத் திறக்காமலே.

அம்சம் இலையை வாங்கினாள். ஒரு வாய் அவள், ஒரு வாய் பொட்டு. பிறகு விரலால் பொங்கலைக் கிளறிப் பார்த்தாள். ஒரு முந்திரிகூட இல்லை.

இந்தச் சந்தேகத்துக்கு மட்டும் சாட்சி தேவைப்படவில்லை. ஆனந்தத்தின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.