இல்லாத பக்கம்

காலை 10.12. அவளுடைய இணையதளம் திருடுபோயிருந்தது. போதாக்குறைக்கு, திருடியதே அவள்தானோ என்று சந்தேகப்பட்டு, அவள் வேலைக்கு விண்ணப்பித்திருந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது.

"நீங்கள் அனுப்பிய தளமும் இரண்டு நாள் முன்பு வேறொருவர் அனுப்பிய தளமும் ஒன்றே. இன்று பகல் ஒரு மணிக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து." கீழே அந்தத் தளத்தின் முகவரி. திறந்தாள். வேலை முழுக்க அவளுடையது. பெயர் மட்டும் ஏதோ ஒரு ஸ்டூடியோ.

ஊருக்கெல்லாம் பதினைந்து நாளில் தளம் கட்டிக் கொடுக்கும் வடிவமைப்பாளர், தன் வேலைகளைக் காட்டும் சொந்தத் தளத்தைப் புதுப்பிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள். நீலத்தை மட்டும் பதினொரு முறை மாற்றினாள். பதினோராவது நீலம், பழைய முதல் நீலமேதான். நேற்றுதான் துணிந்து வேலைக்கு அனுப்பினாள்.

10.40. அக்கா வந்தாள். காவல்துறையில் தொலைந்த பொருட்கள் பிரிவு. குடை, டிபன் பாக்ஸ், ஒருமுறை பல்செட்.

"அழுது முடிச்சியா?"

"பாதி."

"மீதியை அப்புறம் அழு. இதை முன்னாடியே யார் யார் பாத்தாங்க?"

"தம்பி, என் பழைய மேலாளர், வாத்து."

வாத்து, ஆறு வருடமாக அதே வீட்டில் இருக்கும் தோழி. அதே தொழில். நடையால் வந்த பெயர். அப்போது சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு பேருக்கும் ஒரே லிங்க்கா?"

"இல்லைக்கா, ஆளுக்கு ஒரு பிரதி. ஒண்ணா குடுத்தா முதல் ஆள் ஏதாவது எழுதுவாங்க, மத்தவங்க 'நானும் அதேதான்'னு போட்டுட்டுத் தூங்கப் போயிடுவாங்க."

"மூணும் அச்சு அசலா ஒண்ணா?"

"அழிச்சுட்ட பக்கத்தோட லிங்க்கை அழுத்தினா 'இந்தப் பக்கம் இல்லை'ன்னு ஒரு பக்கம் வருமே, அதுல மட்டும் ஆளுக்கு ஒரு வரி எழுதி வெப்பேன். சும்மா விளையாட்டுக்கு. யாரும் பாத்ததில்லை. இல்லாத பக்கத்துக்கு யாருக்கா போவாங்க?"

11.05. தம்பிக்குப் போன்.

"நான் இன்னும் திறக்கவே இல்லைக்கா. 'சூப்பர்'னு மட்டும் போட்டேன். அவகிட்ட சொல்லிடாதே."

"ஸ்பீக்கர்ல இருக்கேடா."

11.20. மேலாளருக்குப் போன்.

"லோகோவைப் பெருசாக்கச் சொன்னேனே. அந்தத் தளத்துல பெருசா இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நான் திருடலை."

வாத்து காபி கொண்டுவந்தாள். தோழியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எனக்கு அந்த மேலாளர் மேலதான்க்கா சந்தேகம். அந்த ஆள் சிரிப்பே சரியில்லை."

11.35. அக்கா திருட்டுத் தளத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இதுல உன் 'என்னைப் பற்றி' பக்கம் எங்கே?"

"அதுல என் போட்டோ இருக்கே. தூக்கியிருப்பாங்க."

"மேல மெனுவிலேருந்து தூக்கிட்டாங்க. அடியில பொடி எழுத்துல அதோட லிங்க் அப்படியே இருக்கு பாரு."

அக்காவே அதை அழுத்தினாள். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே வரி.

*வாத்து, வழி தெரியாம இங்கே வந்துட்டியா? பயப்படாதே. அங்கேயே நில்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.*

முதுகில் இருந்த கை நின்றது.

"மொத்தமா அள்ளிட்டுப் போயிருக்கே," என்றாள் அக்கா, திரும்பாமலேயே. "அவ மூஞ்சி இருந்த பக்கத்தை அழிச்சே. அதுக்குப் போற வழியை அழிக்க மறந்துட்டே. உன் பேர் எழுதின வரி உன் பிரதியில மட்டும்தாம்மா இருக்கும்."

வாத்து தரையைப் பார்த்தாள். "நீ அனுப்பவே மாட்டேன்னு நினைச்சேன்டி. ஏழு மாசமா நீலத்தையே மாத்திக்கிட்டு இருந்தே. வீணாப் போகுதேன்னு..."

"அந்தப் பழைய நீலமே நல்லாயிருக்குன்னு நீதானேடி சொன்னே?"



12.20. விளக்கம் போனது, அந்த வெள்ளைப் பக்கத்தின் படத்தோடு. 12.48. பதில் வந்தது: நான்கு மணிக்கு நேர்காணல். யாரும் கை தட்டவில்லை.

ஒரு மணிக்கு வாத்து ஒரு பையோடு படியிறங்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வடிவமைப்பாளர் ஜன்னலருகே போனாள். கீழே, வாசல் கூரைக்கடியில் வாத்து அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"போய்க் கூட்டிட்டு வரப் போறியா?" என்றாள் அக்கா.

"இல்லை." கதவோரம் பார்த்து, "குடையை விட்டுட்டுப் போயிட்டாக்கா" என்றாள்.

"என்கிட்ட குடு. எங்க பிரிவுல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்."

அவள் குடையை எடுத்தாள். கொடுக்கவில்லை. மீதிப் பாதியை அழ ஆரம்பித்தாள்.