ஞாயிறு வரைக்கும் வலிக்கணும்

இளநீரில் ஸ்ட்ராவைச் செருகி, கண்ணை இறுக மூடி, மைதிலி ஆவேசமாக உறிஞ்சப் போன நொடியில் ஒரு கை குறுக்கே வந்தது. வெடுக்கென்று ஸ்ட்ராவைப் பிடுங்கி மழையில் வீசியது.

"ஏனுங்க... அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?"

கத்தத்தான் நினைத்தாள். முந்தாநாள் ஞானப்பல் எடுத்த தாடை திறக்க மறுத்தது. கோபம் பல்லிடுக்கில் நசுங்கித்தான் வெளியே வந்தது.

சூரமங்கலத்தில், பல் ஆஸ்பத்திரி வாசல் இளநீர்க் கடை. மழைக்குத் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கியிருந்தவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்களில் திமிர் இல்லை... பதற்றம். அது அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

"பல்லு எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடியிருக்குமுங்க. உறிஞ்சுனா அது பேத்துக்கிட்டு வந்துரும். அப்புறம் காது, மண்டைன்னு வலி..."

"தெரியும். தெரிஞ்சுதான் உறிஞ்சறேன். என் வாயி, என் வலி. உங்களுக்கென்ன?"

கடைக்காரி செல்லியம்மாள் அரிவாளை நிறுத்தினாள். "புருசன் பொஞ்சாதி சண்டைய ஊட்டுல வெச்சுக்குங்க சாமி. யாவாரம் கெடுது."

"புருசனா? இந்த ஆளா?"

அவன் சிரிக்கவில்லை. இளநீரை டம்ளரில் ஊற்றச் சொல்லி வாங்கி நீட்டினான். "அந்தப் பக்கம் படாம மெதுவா குடிங்க. கொப்பளிச்சுத் துப்பக் கூடாது. வெதுவெதுன்னு உப்புத் தண்ணிய வாயில வெச்சு, தலையச் சாச்சு தானா வழிய விடோணும். சூடா, காரமா எதுவும் வேண்டாம்..."

"டாக்டருங்களா நீங்க?"

"இல்லீங்க. திருச்செங்கோடு. போர்வெல் ரிக் லாரி ஓட்டறோம்."

டம்ளரை நங்கென்று மேசையில் வைத்தாள்.

"ரிக் லாரிக்காரங்களே எனக்கு ஆகாது."

"ஏனுங்க?"

முன்பின் தெரியாதவனிடம் எதற்குச் சொல்கிறோம்... என்று மனசு தடுத்தது. வாய் கேட்கவில்லை.

"தை மாசம் ஒருத்தன் பொண்ணு பார்க்க வாரேன்னான். ஊடு நிறைய சொந்தக்காரங்க. எங்கம்மா இருட்டற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க. யாரும் வரல. ஆந்திராவுல லாரி மாட்டிக்கிச்சுன்னு ஒரு போன். மறுநாள் விசாரிச்சா, லாரி அவங்க ஷெட்டுலயே நிக்குது. அத்தனை சனமும் எங்கம்மாவத்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க..."

குரல் உடைந்தது. விழுங்கினாள். தாடை சுரீரென்றது.

"வெக்கமில்லாம அதே ஆளு வர்ற ஞாயித்துக்கெழமை வரானாம். எங்கப்பாவும் சரின்னுட்டாரு. அவன் போட்டோவைப் பார்க்காமயே கிழிச்சேன். ஞாயித்துக்கெழமை நான் வலியில சுருண்டு கிடக்கோணும். பொண்ணு வெளிய வராதுன்னு அவனைத் திருப்பி அனுப்போணும். அவனுக்கும் தெரியட்டும்... வாசல்ல நிக்கறது எப்படின்னு."

மழை தார்ப்பாயில் தடதடத்தது. அவன் இமையில் நின்ற நீர் மழையா... வேறா?

"எனக்கும் தை மாசம்தானுங்க ஞானப்பல் எடுத்தாங்க. டாக்டர் பேச்சக் கேக்கல. வேலை நடக்கற எடத்துல, இதே மாதிரி இளநீ... ஸ்ட்ரா போட்டு உறிஞ்சேன். மறுநாள் புதுச்சட்டை போட்டுக் கெளம்பறேன்... வலி. சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதேன்."

"எங்க கெளம்பினீங்க?"

"உங்க ஊட்டுக்குத்தானுங்க... மைதிலி."

அவள் தன் பெயரை அவனிடம் சொல்லவே இல்லை.

"மாப்பிள்ளைக்கு நோவுன்னா பொண்ணூட்டுல என்னமோ ஏதோன்னு நினைப்பாங்கன்னு, எங்கம்மா லாரி மேல பழியப் போட்டுட்டாங்க. என் பேரு தமிழரசு. போட்டோவுல பார்த்த கண்ணு... கன்னம் வீங்கினாலும் அடையாளம் தெரிஞ்சுது."

மைதிலியின் காது கொதித்தது. "இத்தனை மாசம். ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா?"

"போன வாரம்தான் தைரியம் வந்து உங்கப்பாகிட்டச் சொன்னேன். மாப்பிள்ளைன்னு பேச்செடுத்தாலே நீங்க எந்திரிச்சுப் போயிடறீங்களாமே..."

"அதுக்கு? மறுபடியும் வந்து பஜ்ஜி தின்னுட்டு, பொண்ணைப் பார்ப்பீங்களா?"

"பார்க்க வரலீங்க. உங்களைப் புடிச்சுப்போயி ரொம்ப நாளாச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு வந்த சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கேன்... அத்தனை பேரு முன்னாடியும் உங்கம்மா கால்ல விழறதுக்கு."