பத்தொன்பது என்று எழுதிய தட்டு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே கொரினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வெள்ளிக்கிழமை தட்டு முழுக்கச் சிதறிக் கிடந்த செல்கள் இப்போது ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி கோத்து, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து விளிம்பில் போய் மொய்த்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். செல்களுக்கு விடுமுறை கிடையாது. யாராவது வந்து பழைய ஊட்டத் திரவத்தில் பாதியை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றித்தான் ஆக வேண்டும், இந்த வாரம் அவள் முறை. வெளியே கனடாவின் வினிபெக் நகரம் பனியில் விறைத்துக் கிடந்தது. உள்ளே குளிர்பெட்டிகளின் உறுமலும், காற்றை வடிகட்டும் மேசையின் ஓயாத இரைச்சலும், மூக்கைக் குத்தும் ஸ்பிரிட் வாடையும் தவிர வேறெதுவும் இல்லை. குளிரில் வெடித்த ஆள்காட்டி விரல் கையுறைக்குள் எரிந்தது.

தட்டு சரிந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதை அரைவட்டம் திருப்பிச் சூட்டுப்பெட்டியில் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து அப்படியே எடுத்துப் பார்த்தாள்.

மறுபடியும் அவள் பக்கம்.

பிறந்து சில மாதங்கள் வரை குழந்தையின் மூளையில் ஸ்டெம் செல்களிலிருந்து புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவை இப்படித்தான் சங்கிலி கோத்து, வாசனையை அறியும் இடத்தைத் தேடி ஊர்ந்து போகும். இறந்த குழந்தைகளின் மூளையிலிருந்து பெற்றோர் சம்மதத்தோடு எடுத்த செல்களில் மூன்று வருடமாக அதைத்தான் அவள் பார்த்து வருகிறாள். ஒரு நாளில் அவை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஒரு மணி நேரத்தில் ஒரு தட்டையே கடப்பதா? கூட வேலை பார்க்கும் கார்டியை அழைத்தாள்.

"என்ன கோரி, ஞாயித்துக்கிழமைகூட ஒரு மனுஷனை ஏரிப் பனியில ஓட்டை போட்டு நிம்மதியா மீன் பிடிக்க விடமாட்டியா?"

"பத்தொன்பதாம் நம்பர் தட்டு நகருது கார்டி. என் பக்கமா."

"உன் மேல ஆசை போல." சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியது. "இரு. வெள்ளிக்கிழமை பதினேழை அழிச்சியே, ரெண்டையும் ஒண்ணாவா திறந்து வச்சிருந்த?"

"ஆமா. அவசரம்."

"நம்பரை எங்க எழுதின? தட்டுலயா, மூடியிலயா?"

அவள் மூடியைப் புரட்டிப் பார்த்தாள். பத்தொன்பது அதில்தான் இருந்தது. ஆய்வகத்துக்கு வரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விதி அது. மூடியில் எழுதாதே, மூடி மாறிவிடும்.

பதினேழாம் தட்டின் செல்கள் இறந்துபோன ஒரு நாலு மாதப் பையனுடையவை. சம்மதித்த அவன் அம்மா போன வாரம் மனசு மாறித் தொலைபேசியில் அழுதாள். "எல்லாத்தையும் அழிச்சிடுங்கம்மா. அவன் இன்னும் தூங்கல. என் வாசனையைத் தேடிட்டே இருக்கான்." அழித்துவிட்டோம் என்று கொரின் கையெழுத்துப் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமையே தபாலில் போய்விட்டது.

"அப்ப நீ அழிச்சது பத்தொன்பதை. இதுதான் பதினேழு" என்றான் கார்டி. "ப்ளீச்சை ஊத்து. இப்பவே ஊத்து. மேலிடத்துக்கு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

வேலை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம். அந்த அம்மாவை ஏமாற்றிவிட்டோமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இப்போதாவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். தட்டைப் பிடித்துக்கொண்டு ப்ளீச்சை ஊற்றினாள். திரவம் விளிம்பு தளும்பி விரல்களில் வழிந்தது. பத்து நிமிடம் காத்திருந்தாள்.

நுண்ணோக்கியில் பார்த்தாள். தட்டின் நடுவில் இருந்தவை சிதைந்து மிதந்தன.

விளிம்பு காலி. அவள் பக்கத்து விளிம்பு.

ப்ளீச் நெடி வரவில்லை. ஸ்பிரிட் வாடையும் இல்லை. பால் வாசனை. குழந்தைப் பவுடர். ஈரக் கம்பளி. யார் வீட்டு வாசனையோ.

கையுறையை உரித்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் கையுறை கிழிந்திருந்தது. விரலின் வெடிப்பு இப்போது எரியவில்லை. அதிலிருந்து தோலுக்கடியில் ஒரு வெள்ளை இழை. நூலைவிட மெல்லியது. உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை.

மூச்சை அடக்கினாள். இழை நின்றது.

எவ்வளவு நேரம்தான் அடக்குவது? நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. இழுத்தாள்.

பால் வாசனை. இழை முழங்கையைத் தாண்டி, வாசனையை அறியும் இடத்தைத் தேடி மேலே ஏறியது.